காவேரிக்கு நீலம் வேண்டாம்

காவேரி நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது அது பால் குறைந்த காப்பி நிறம். ஐப்பசி மழையில் செம்மண் குழம்பு. தையில் தண்ணீர் வடியும்போது பாசிப் பச்சை. பங்குனியில் நிறமே கிடையாது, வெறும் மணல்தான். அப்படியிருக்க, அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஒருத்தி விடாமல் காவேரியை நீலமாக வரைந்து நீட்டினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியமும் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வீடு திருச்சி பாலக்கரையில், மாதா கோயிலுக்குப் பின் தெருவில். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான், என் சம்பளம்தான். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போவேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஆற்றைப் பார்த்துக்கொண்டே போவது என் பழக்கம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் பருவம் முடிந்து, பள்ளியின் தாளாளர் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம்.

டிராயிங் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. "சயின்ஸ் டீச்சர்தானே, தவளை இதயமெல்லாம் போர்டுல அழகா போடுறீங்களே, இதையும் பார்த்துக்கங்க" என்று ஹெச்.எம். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடை என் தலையில் கட்டினார். சரி, பார்ப்போம் என்று முதல் வகுப்பில், "உங்க ஆத்தை வரைங்க" என்றேன்.

வந்து குவிந்த படங்கள் எல்லாம் ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், மலையிலிருந்து வளைந்து வளைந்து வரும் நீல ஆறு. எங்கள் ஊரில் மலை என்றால் மலைக்கோட்டை ஒன்றுதான். ஒற்றைப் பாறை. பள்ளி மொட்டை மாடியில் நின்றாலே தெரியும். இந்த இரட்டை மலையை எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்களோ!

"ஏம்மா, ஆறு ஏன் நீலமா இருக்கு?" என்று முன்பெஞ்சுப் பெண்ணைக் கேட்டேன்.

"ஆறுன்னா நீலம்தானே டீச்சர்."

"காலையில அதுலதானே குளிச்சிட்டு வந்தே? நீலமாவா இருந்துது?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "இல்ல டீச்சர். அது வேற. இது படம்."

அது வேற, இது படம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் என்னுடைய அறிவியல் வகுப்பிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்டு ரெக்கார்டு நோட்டு எழுத வைப்போம். 'காண்பன' கட்டத்தில் எழுத வேண்டியதை டீச்சர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். ஒருத்தியும் எதையும் காணாமலே கட்டம் நிரம்பிவிடும். செம்பருத்தியை வரையும்போது கூடப் பூ தேவையில்லை, புத்தகம் போதும். பள்ளி வாசலில் செம்பருத்திச் செடி பூத்துக் கொட்டிக் கிடக்கும். அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பைக் கிளப்பிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டேன். பக்கத்திலேயே ஒரு சின்னப் படித்துறை. கூட்டம் வராத இடம். ஒவ்வொருத்திக்கும் ஒரு தடுக்கு அகலத்துக்கு ஓர் இடம். வருஷம் முழுக்க அதுதான் அவள் இடம், வேறு எங்கேயும் போகக்கூடாது. நோட்டின் இடது பக்கம் படம். வலது பக்கம் 'பார்த்தது' என்று ஒரு தலைப்பு, 'தெரியாதது' என்று ஒரு தலைப்பு. தெரியாதது எதுவும் எழுதாத பக்கத்துக்கு மார்க் கிடையாது. ரப்பர் கொண்டுவரக் கூடாது. தப்பான கோடு தப்பாகவே இருக்கட்டும், பக்கத்தில் சரியான கோடு போட்டுக்கொள்ளலாம். கடைசியாக, வண்ணப் பெட்டியிலிருந்து நீலத்தை எடுத்து வீட்டில் வைத்துவிட வேண்டும்.

"நீலம் இல்லாம ஆத்தை எப்படி டீச்சர் வரையறது?" என்று ஒரே கூச்சல்.

"ஆத்தையே கேளுங்க" என்றேன்.

முதல் மாதம் அழுகையும் முனகலுமாகத்தான் போயிற்று. ரப்பர் இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடவில்லை. பிறகு மெள்ள மெள்ளப் பிடித்துக்கொண்டார்கள். ஈரக் கல்லுக்கும் காய்ந்த கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று பென்சிலை அழுத்தியும் அழுத்தாமலும் கண்டுபிடித்தார்கள். காவேரியின் பழுப்பு எந்தப் பெட்டியிலும் இல்லை என்பதால் ஒருத்தி செங்கல்லைப் பொடித்தாள். இன்னொருத்தி வீட்டிலிருந்து ஒரு குப்பியில் காப்பியே கொண்டுவந்து அதில் ஆற்றை வரைந்தாள். சர்க்கரை போட்ட காப்பி. மறுநாள் நோட்டை எறும்பு மொய்த்தது. நிறம் என்னவோ அச்சு அசல் காவேரி. வெள்ளைக் கொக்கின் கால் கறுப்பு என்று ஒருத்தியும் மஞ்சள் என்று ஒருத்தியும் பேச்சுவார்த்தை இல்லாத அளவுக்குச் சண்டை போட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் கொக்கு தண்ணீரிலிருந்து காலைத் தூக்கியது. கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். தண்ணீருக்குள் நின்ற பாதத்தை ஒருத்தி பார்த்ததில்லை, பறக்கும்போது பாதத்தை மட்டும் பார்த்தவள் இன்னொருத்தி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே படம் வரைந்தார்கள். இந்தப் பாடத்தை நான்கு சுவருக்குள் வைத்து யாராவது எனக்கு நடத்திக் காட்டட்டும், நான் அப்புறம் பேசுகிறேன்.

இடம் பிரித்துக் கொடுத்த அன்றைக்கு ஒரு பெண் வரவில்லை, காய்ச்சல். அடுத்த வாரம் வந்தபோது நல்ல இடமெல்லாம் போய்விட்டது. படித்துறையின் கிழக்கு ஓரம், ஒரு சாக்கடை வந்து ஆற்றில் விழும் இடம் மட்டும்தான் மிச்சம். உள்ளே கொஞ்ச தூரத்தில் இருந்த கல்யாண மண்டபத்திலிருந்து வந்த சாக்கடை அது.

"டீச்சர், எனக்கு மட்டும் சாக்கடையா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சண்டைக்காரப் பெண். ஒல்லி, உயரம், எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"வரையறதுக்குச் சாக்கடை என்ன, சந்தனம் என்ன? உக்காரு" என்றேன்.

மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வகுப்பில் அவளுக்குச் 'சாக்கடை ராணி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளும் விடவில்லை. பிரித்துக் கொடுத்த இடத்தை வெறுப்பாகப் பார்த்தவள், வெறுப்பினாலேயே நன்றாகப் பார்த்தாள். ஆடியில் அவள் படத்தில் படிக்கட்டெல்லாம் நத்தை. சின்னச் சின்னதாக, தண்ணீர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு. ஆவணி பிறந்ததும் படத்தில் எண்ணெய்ப் படலம் வந்தது. கிழிந்த வாழை இலை, சோறு, சாம்பல் கலந்த நுரை வந்தது. நத்தை காணாமல் போயிற்று. வலது பக்கத்தில், 'தெரியாதது: நத்தை எங்கே போச்சு?' என்று எழுதியிருந்தாள். புரட்டாசி பரீட்சையிலும் லீவிலும் போயிற்று. ஐப்பசியில் வெள்ளம் படித்துறையை மூடியதால் நாங்கள் போகவில்லை. கார்த்திகையில் மறுபடி இலை, நுரை. மார்கழி வந்தது. சாக்கடை காய்ந்து கிடந்தது. ஒன்றிரண்டாக நத்தை திரும்பி வந்தது. பொங்கல் கழிந்து தையில் போனால் பழையபடி நுரை. நத்தை இல்லை.

அன்றைக்கு வகுப்பில் அவள் பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினோம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"நத்தைக்கு மார்கழிக் குளிர் பிடிக்கும் போல டீச்சர்" என்றாள் ஒருத்தி.

படித்துறையின் மேற்கு ஓரத்துக்காரி உடனே தன் நோட்டைப் பிரித்தாள். சாக்கடைக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் அவளுடைய இடம். "எனக்கும் அதே குளிர்தானே? என் இடத்துல ஆவணியிலயும் நத்தை இருந்துது, தையிலயும் இருக்கு. இந்தாங்க டீச்சர்."

அப்படியென்றால் குளிர் இல்லை. வேறு என்ன? எல்லோரும் மறுபடி பக்கங்கள் மேல் குனிந்தார்கள். பிறகு சாக்கடைக்காரியே மெதுவாகச் சொன்னாள்: "மார்கழியில கல்யாணம் கிடையாது டீச்சர்."

ஆடியிலும் கிடையாது. முகூர்த்தம் இருக்கிற மாசமெல்லாம் நத்தை இல்லை, முகூர்த்தம் இல்லாத மாசமெல்லாம் நத்தை இருக்கிறது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'காண்பன' என்ற கட்டத்தை என் பிள்ளைகள் முதல்முறையாகக் கண்டு நிரப்பியிருந்தார்கள். சந்தோஷத்தில் எழுந்து கை தட்டப் போனவள், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். எல்லோரும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்யாண மண்டபம் எங்கள் பள்ளித் தாளாளருடையது. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை, ஸ்ரீரங்கத்தில் மண்டபம், அதோடு எங்கள் பள்ளி. என் வேலையும் அவர் பேனாவில்தான் இருந்தது.

மாசியில் ஆண்டு விழா. அதோடு கண்காட்சி. நோட்டுகளின் பின்னைக் கழற்றி, பக்கங்களை அட்டையில் குத்தி வகுப்பறைச் சுவர் முழுக்க மாட்டினோம். முதல் நாள் சாயங்காலம் ஹெச்.எம். சுற்றிப் பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை. ஓட்டுக் கூரையில் நடந்த பள்ளிக்கு மாடி கட்டடம் கொண்டுவர அலையாய் அலைந்தவர். காப்பியில் வரைந்த ஆற்றைப் பார்த்துச் சிரித்தார். சாக்கடைப் பக்கங்களுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார். வலது பக்கத்தில் நத்தையையும் கல்யாண மாசத்தையும் பற்றி எழுதியிருந்ததை முழுசாகப் படித்தார். குண்டூசி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சாக்கடைக்காரியிடம் திரும்பினார்.

"படமெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கே. இந்தச் சாக்கடையையும் பக்கத்துல எழுதினதையும் மட்டும் அழிச்சிடும்மா."

"எங்ககிட்ட ரப்பர் கிடையாது மேடம்" என்றாள் அந்தப் பெண்.

ஹெச்.எம். தன் அறைக்குப் போய் மேசையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அழிக்க வேண்டாம்" என்றேன்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு ஹெச்.எம். கதவைச் சாத்தினார். "உங்க ஆர்டர் அவர் கையெழுத்துல நிக்குது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"வீட்டுல உங்க சம்பளம் ஒண்ணுதானே?"

"ஆமா மேடம்."

"பின்னே ஏன் இப்படி ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க? இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இருந்தா ஆயுசுக்கும் வேலை."

"அந்தப் பொண்ணு பார்த்ததை வரைஞ்சிருக்கா. பார்க்கச் சொன்னது நான். இப்ப பார்க்கலைன்னு நானே எப்படி மேடம் சொல்றது?"

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். இருட்டுவதற்கு முன் தாளாளரே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஏம்மா, காவேரி எங்களுக்குத் தாயார். உங்களுக்கு அது வெறும் தண்ணி. அதனாலதான் இப்படிச் சேறும் சாக்கடையுமா வரையச் சொல்லத் தோணுது. நான் தப்பா எடுத்துக்கலை."

'உங்களுக்கு' என்று அவர் சொன்னபோது என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைத்தான் பார்த்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"பாலக்கரைக் குழாயிலயும் அந்தத் தாயார்தான் சார் வராங்க. நானும் அதைக் குடிச்சுத்தான் வளர்ந்தேன். அவங்க மேல சாம்பார் ஊத்துறது நான் இல்ல."

ஹெச்.எம். கண்ணை மூடிக்கொண்டார். தாளாளர் சிரித்தார். ஆள் விட்டு அந்தப் பக்கங்களை மட்டும் கழற்றச் சொன்னார். ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சுவரில் வெறும் அட்டையும் அதில் நான்கைந்து குண்டூசியும் நின்றன. ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "சொன்னது சொன்னதுதான், சாப்பிடு" என்றாள்.

மறுநாள் கண்காட்சியைத் திறந்துவைக்க ஓர் அதிகாரியின் மனைவி வந்தார். ரிப்பன் வெட்டினார். ஒவ்வொரு பெண்ணும் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும் என்று ஏற்பாடு. படம் இல்லாதவள் ஹாலில் போய் உட்காரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் போகவில்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரி, ரிப்பன் கட்டி, வெறும் அட்டைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். சத்தியமாக நான் நிற்கச் சொல்லவில்லை.

அந்த அம்மாள் கொக்கைப் பார்த்தார், காப்பி ஆற்றை முகர்ந்து பார்த்தார், நிஜமாகவே ரசித்தார். தாளாளர் கூடவே நடந்தார். வெறும் அட்டைக்கு முன் வந்ததும் அவர் வேகமாக நகரப் பார்த்தார். அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"உன் படம் எங்கம்மா?"

"இங்கதான் மேடம்" என்றாள். அட்டையில் விரலை வைத்தாள். "இது படித்துறை. இங்கேருந்து மூணு படி தண்ணிக்குள்ள. இந்த ஓரத்துல கல்லு பேந்திருக்கும், அதுக்குள்ள நண்டு இருக்கு. ஆடியில இங்கெல்லாம் நத்தை. இந்த இடத்துல ஒரு மண்டபத்துச் சாக்கடை வந்து விழுது. ஆவணியில இதுக்கு இந்தப் பக்கம் நத்தை இருக்கு, அந்தப் பக்கம் இல்ல. மார்கழியில திரும்பி வந்துது. தையில போயிடுச்சு. கல்யாணம் நடக்கிற மாசத்துல இலையும் எண்ணெயும் வருது மேடம். அதனாலதான்."

வெறும் அட்டையில் அவள் விரல் ஒவ்வொரு இடமாக நகர்ந்தது. ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. ஆடியிலிருந்து அந்த ஓர் இடத்தையே பார்த்துப் பார்த்து வரைந்தவளுக்குக் காகிதம் எதற்கு? சுற்றியிருந்த அம்மா அப்பாக்களெல்லாம் படம் இருப்பது போலவே எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"எந்த மண்டபம்மா அது?" என்று அந்த அம்மாள் விவரம் தெரியாமல் கேட்டார்.

அந்தப் பெண் தாளாளரை நேராகப் பார்த்தாள். "சாரோட மண்டபம்."

அதற்கப்புறம் நடந்ததை நீட்டி முழக்க விரும்பவில்லை. அந்தப் பெண்ணின் மேல் யாரும் கை வைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னவளை என்ன செய்ய முடியும்? என்னைத்தான் கூப்பிட்டார்கள். 'மாணவி கூறியது தவறு, என் மேற்பார்வைக் குறைவால் நேர்ந்தது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் நிரந்தர ஆர்டர் தயார் என்றார்கள். ஒரு வரிதான் எழுதினேன்: 'அந்தப் பெண் பார்த்ததைச் சொன்னாள், நானும் பார்த்தேன்.' பங்குனி முடிவதற்குள் என் பணி திருப்தியில்லை என்று ஆர்டர் வந்தது. மண்டபத்துச் சாக்கடை அந்த வருஷம் மாறவில்லை. மாறியது என்று இங்கே எழுதிவிட்டுப் போகலாம். அப்படி எழுதினால் நானும் ஆற்றுக்கு நீலம் அடிக்கிறேன் என்று அர்த்தம்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானமே சாவியையெல்லாம் ஒப்படைத்துவிட்டேன். ஆற்றுக்குப் போவது இனிமேல் கிடையாது, கடைசி இரண்டு பீரியடும் வகுப்பிலேயே படிக்க வேண்டும் என்று சர்க்குலர் வந்திருந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றேன். வேலை போனதற்கு வருத்தம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் திரும்பவும் பெஞ்சில் உட்கார்ந்து இரட்டை மலை வரையப் போகிறார்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய வருத்தம்.

கடைசி இரண்டு பீரியடுக்கான மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பு வரிசையாக வெளியே வந்தது. கையில் நோட்டு. முன்னால் சாக்கடைக்காரி. வாட்ச்மேன் கேட்டை மறித்தார்.

"எங்கம்மா போறீங்க? கூட்டிட்டுப் போற டீச்சர் யாரு?"

"யாரும் இல்ல. ஆத்துக்குப் போறோம்."

"ஆத்துல தண்ணியே இல்லையே!"

"மணல் இருக்குல்ல? அதைத்தான் பார்க்கப் போறோம்."

அதற்குள் ஹெச்.எம். வேகவேகமாக வந்துவிட்டார். தொலைந்தது என்று நினைத்தேன். அவர் வரிசையை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னையும் பார்த்தார், பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையிலிருந்த குடையை விரித்தார்.

"கேட்டைத் திறப்பா. நான் கூடப் போறேன்" என்றார். அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"யாராவது ரப்பர் வெச்சிருந்தா இப்பவே வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வாங்க."